அட்டையின் பின்பக்கம்: மருந்து விலை எங்கே முடிவாகிறது?

எங்கள் வீட்டில் அப்பாவின் மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று. மாதம் பிறந்ததும் தெருமுனை மெடிக்கலுக்குப் போவார். கடைக்காரர் சீட்டைக்கூடக் கேட்கமாட்டார். அட்டைகளை எடுத்துப் போட்டு, தொகையைச் சொல்லி, "உங்களுக்காகப் பத்து பர்சன்ட் குறைச்சிருக்கேன் சார்" என்பார். அப்பா சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வருவார். பால் பாக்கெட் ஒரு ரூபாய் ஏறினால் ஒரு வாரம் அதையே பேசுகிற மனிதர் அவர். பத்து வருடமாக விழுங்கும் மாத்திரை ஒன்று என்ன விலை என்று கேட்டால், "மொத்தமா ஆயிரத்துச் சொச்சம் வரும்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது.

அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும்தான் தெரியாது, ஒருநாள் அந்த டப்பாவிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கும்வரை.

நீங்களும் ஓர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று நாம் கடையில் சொல்லிக் கேட்கும் பெயர், அதாவது பிராண்ட். இன்னொன்று டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின் என்பதுபோல வாயில் நுழையாத பெயர். நம் உடம்பில் வேலை செய்வது இந்த இரண்டாவது பெயருக்குரிய சரக்குதான். ஜெனரிக் பெயர் என்று சொல்வது இதைத்தான். இந்தப் பெயரை பிராண்ட் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018-ல் விதியே வந்துவிட்டது. ஆனாலும் நம் கண் பிராண்டுக்குத்தான் போகும்.

கீழே இன்னும் சிறிய எழுத்தில் தயாரித்தவர் பெயரும் விற்பவர் பெயரும் தனித்தனியாக இருக்கலாம். தயாரித்த இடம் இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி (Baddi) என்ற ஊர், விற்கும் நிறுவனம் மும்பை என்று பார்த்தால் ஆச்சரியப்படவேண்டாம். ஒரே ஆலை நாலைந்து நிறுவனங்களுக்கு ஒரே மருந்தைச் செய்து, வெவ்வேறு பெயர் குத்தி அனுப்புவது இந்தத் தொழிலில் சாதாரணம். கடைசியாக எம்.ஆர்.பி., எல்லா வரியும் உட்பட. கடைக்காரர் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் இந்த விலையும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். நமக்கு வருவது வெறும் பளபளப்பு.

சரி, அந்த எம்.ஆர்.பி.யை யார் முடிவு செய்கிறார்கள்? மருந்து செய்ய ஆகும் செலவோடு ஒரு லாபத்தைச் சேர்த்து விலை வைக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

மருந்துக்கும் மற்ற பொருள்களுக்கும் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. சட்டை வாங்கும்போது தேர்ந்தெடுப்பவர், பணம் கொடுப்பவர், போட்டுக்கொள்பவர் எல்லாம் அநேகமாக ஒரே ஆள். மருந்தில் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். அவர் பணம் கொடுப்பதில்லை. பணம் கொடுப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இடையில் இருக்கும் கடைக்காரர் நினைத்தாலும் மாற்றிக் கொடுக்க முடியாது. மருத்துவர் ஒரு பிராண்டை எழுதினால், அதே மூலக்கூறு, அதாவது அதே ஜெனரிக் பெயருள்ள சரக்கு, பக்கத்து அலமாரியில் பாதி விலைக்கு இருந்தாலும், சீட்டில் உள்ளதற்குப் பதிலாக அதைக் கொடுக்கக்கூடாது என்று 1945-ம் வருட மருந்து விதிகள் சொல்கின்றன. ஆக, பேனா சீட்டில் ஓடும் அந்த ஒரு நொடியில் விலை முடிவாகிவிடுகிறது.

அப்படியென்றால் நிறுவனங்கள் யாரை வளைக்கப் பார்க்கும்? நம்மை இல்லை, அந்தப் பேனாவைத்தான். கழுத்தில் டையும் கையில் கனத்த பையுமாக மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் ரெப்பை, அதாவது மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியைப் பார்த்திருப்பீர்கள். பாவம், அவர் வெயிலில் அலையும் சம்பளக்காரர். அவருக்குப் பின்னால் இருக்கும் செலவைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2022 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பில் பேசியது. மருத்துவர்களுக்குக் கொடுத்த பரிசுகளை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்டிருந்தது ஒரு மருந்து நிறுவனம். தங்கக் காசு, குளிர்சாதனப் பெட்டி, டிவி, வெளிநாட்டுப் பயணம் என்று இப்படிப்பட்ட பரிசுகளை வரிசையாகச் சொல்லி, சலுகை கிடையாது என்றது நீதிமன்றம். இலவசம் என்று சொல்லப்படும் இவை உண்மையில் இலவசமல்ல, இவற்றின் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியிடமே வந்து சேர்கிறது என்றும் சொன்னது. எல்லா மருத்துவரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. என் அப்பாவின் மருத்துவர் ரெப்புகளை வாசலோடு அனுப்பிவிடுவார். ஆனால் அவர் எழுதுவதும் பிராண்ட் பெயர்தான். படித்த நாளிலிருந்து கை அப்படிப் பழகிவிட்டது என்கிறார்.

விலையின் முதல் மாடி: காப்புரிமை

மருந்து விலை ஏன் அதிகம் என்ற கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. புது மருந்து ஏன் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது என்பது ஒன்று. பழைய மருந்துகூட ஏன் இவ்வளவு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேறு வேறு.

முதல் கேள்விக்குப் பதில் காப்புரிமை. புது மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு 20 வருடம் தனியுரிமை. அந்தக் காலத்தில் வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. போட்டி இல்லை, அதனால் அவர் வைத்ததுதான் விலை. கண்டுபிடிப்புக்கு ஆன செலவை எடுக்க வேண்டாமா என்பார்கள். எடுக்கட்டும். ஆனால் விலை வைக்கும்போது பார்க்கப்படுவது ஆன செலவு அல்ல, உயிருக்குப் பயந்தவர் எவ்வளவுவரை கொடுப்பார் என்பது.

இந்தியா இந்தக் கயிற்றை ஒருகாலத்தில் அறுத்திருந்தது, அதில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு. விடுதலைக்குப் பிறகும் இங்கே 1911-ம் வருட ஆங்கிலேயர் காலத்துக் காப்புரிமைச் சட்டம்தான். மருந்து விலையில் உலகின் மிக உயர்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே 1961-ல் எழுதும் நிலை. அதற்கு முன்பே, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குப் போன என். ராஜகோபால ஐயங்காரிடம் சட்டத்தை மறுபரிசீலனை செய்யும் பொறுப்பு கொடுக்கப்பட்டிருந்தது. 1959-ல் அவர் கொடுத்த அறிக்கை, இங்கே பதிவான காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டவருடையது, அவற்றில் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வருவதில்லை என்று காட்டியது. மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை வேண்டாம், அதைச் செய்யும் முறைக்கு மட்டும் கொடுக்கலாம் என்றார். இட்லிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, உங்கள் கைப்பக்குவத்துக்கு மட்டும் கொண்டாடலாம் என்பதுபோல. 1970-ல் வந்த சட்டம் இதை ஏற்றது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்யும் இந்திய நிறுவனங்கள் பெருகின, விலை சரிந்தது. 2001-ல் எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துக் கூட்டை ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக சிப்லா என்ற இந்திய மருந்து நிறுவனத்தின் தலைவர் யூசுஃப் ஹமீத் அறிவித்தபோது, பணக்கார நாடுகளில் அதற்கு 10,000 டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது.

உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததற்கு விலையாக, 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை திரும்பி வந்தது. ஆனால் சட்டத்தில் சில கதவுகளைத் திறந்தே வைத்தார்கள். 3(டி) என்ற பிரிவு, தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, அது குணப்படுத்தும் திறனில் கூடியிருந்தால் ஒழிய, காப்புரிமை கிடையாது என்கிறது. ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் இந்தப் பிரிவில்தான் மாட்டியது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் செய்து விற்ற ஜெனரிக் பத்தாயிரத்துக்குள். விண்ணப்பத்தை 2006-ல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் போட்ட வழக்கை 2007-ல் தள்ளியது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு நம் ஊரில் கிளம்பியது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு கதவு கட்டாய உரிமம். காப்புரிமை வைத்திருப்பவர் நியாயமான விலையில் மருந்தைத் தராவிட்டால், அரசு வேறொருவருக்கு அனுமதி கொடுக்கலாம். 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு இது நடந்தது. மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்ததை இந்தியாவின் நாட்கோ நிறுவனம் 8,880 ரூபாய்க்குத் தரவேண்டும், விற்பனையில் ஒரு பங்கை உரிமைத்தொகையாகக் கட்டவேண்டும் என்று உத்தரவு. 2025-லும் இப்படி ஒரு சரிவைப் பார்த்தோம். முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்லாம், ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய். ஜெனரிக்குக்குத் தடை விதிக்க நீதிமன்றங்கள் மறுத்த பிறகு அதே நாட்கோ வைத்த விலை 15,900 ரூபாய். முந்தைய விலையில் எவ்வளவு மருந்து, எவ்வளவு தனியுரிமை என்பதை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய மருந்து, புதுச் சட்டை

அப்பாவின் டப்பாவில் இருப்பவை எல்லாம் காப்புரிமை பேச்சே இல்லாத பழைய மருந்துகள். யார் வேண்டுமானாலும் செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். டெல்மிசார்ட்டன் ஒன்றே நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியாவில் விற்கிறது. இத்தனை பேர் போட்டியிட்டால் விலை தரைக்கு வரவேண்டுமே, ஏன் வரவில்லை?

போட்டி விலையில் நடக்கவில்லை, பெயரில் நடக்கிறது என்பதுதான் பதில். நோயாளி விலை பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாதபோது விலையைக் குறைத்து யாருக்கு லாபம்? அந்தப் பணத்தை ரெப்புக்கும் பரிசுக்கும் கடைக்காரர் கமிஷனுக்கும் போட்டால் விற்பனை கூடும். இதில் வேடிக்கையான இன்னொரு ரகம் உண்டு. ரெப் இல்லாமல் நேராக மொத்த வியாபாரிக்குப் போகும் ஜெனரிக் மாத்திரைகள். கடைக்காரருக்கு மிக மலிவாக வரும், ஆனால் அட்டையில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. பிராண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு பேச்சுக்கு, 20 ரூபாய்க்கு வாங்கிய அட்டையில் 100 ரூபாய் என்று போட்டிருந்தால், அவர் நமக்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் 60 ரூபாய் அவருக்கு நிற்கும். நாம் தள்ளுபடி கிடைத்த திருப்தியில் வீட்டுக்கு வருவோம். மருந்து விலை ஏறியிருப்பதற்கு இந்த வணிக லாபம் ஒரு முக்கியக் காரணம் என்று இந்தியப் போட்டி ஆணையமும் 2018-ல் சொல்லியிருக்கிறது. அதே வருடம் டெல்லிப் பகுதித் தனியார் மருத்துவமனைகள் நான்கின் ரசீதுகளை ஆராய்ந்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், சில பொருள்களில் லாபம் 1,700 சதவீதத்தைத் தாண்டியிருப்பதாக வெளியிட்டது.

அரசு சும்மா இருக்கிறதா? இல்லை. 1970 முதலே விலைக் கட்டுப்பாட்டு ஆணைகள் உண்டு. இப்போது நடப்பில் இருப்பது 2013-ம் வருட ஆணை. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவரம்பு. கணக்கு இப்படி: ஒரு மருந்தின் சந்தையில் குறைந்தது ஒரு சதவீதமாவது வைத்திருக்கும் எல்லா பிராண்டுகளும் கடைக்காரருக்கு என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து, சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். மூன்று பிராண்டுகள் 40, 60, 110 ரூபாய்க்குப் போகின்றன என்றால் சராசரி 70, உச்சவரம்பு 81 ரூபாய் 20 காசு, வரி தனி. 110 ரூபாய்க்காரர் இறங்கியாகவேண்டும்.

முன்பு, 1995-ம் வருட ஆணைவரை, தயாரிப்புச் செலவை வைத்து விலை கட்டினார்கள். இப்போது சந்தை விலையை வைத்தே சந்தைக்குக் கடிவாளம் போடுகிறோம். மாப்பிள்ளை வீட்டாரிடமே வரதட்சணையில் நியாயமான தொகை என்னவென்று கேட்டதுபோலத்தான் எனக்குப் படுகிறது. போகட்டும், இதுவாவது இருக்கிறதே என்றால், மதிப்பில் பார்த்தால் இந்திய மருந்துச் சந்தையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதுதான் இந்த வரம்புக்குள் வருகிறது. பட்டியலில் இல்லாத மருந்துக்கு வைத்த விலைதான். அதன்பின் வருடத்துக்குப் பத்து சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்கவேண்டாம். வருடம் தவறாமல் பத்து பத்தாக ஏற்றினால் ஏழெட்டு வருடத்தில் விலை இரண்டு மடங்கு.

இந்தப் பத்து சதவீதத்தில்தான் நம் மௌனத்தின் ரகசியமும் இருக்கிறது.

ஏன் யாரும் கேட்பதில்லை?

2015-ல் அமெரிக்காவில் டாராபிரிம் என்ற பழைய மாத்திரையின் உரிமையை வாங்கிய ஒரு நிறுவனம், 13.50 டாலராக இருந்ததை ஒரே அடியில் 750 டாலர் ஆக்கியது. நாடே கொதித்தது, நிறுவனத் தலைவர் மார்ட்டின் ஷ்க்ரெலி தொலைக்காட்சி முழுவதும் வில்லன் ஆனார். நம் ஊரில் அப்படி ஒரே இரவில் எதுவும் நடப்பதில்லை. விலை மெல்ல ஏறுகிறது, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மருந்தில் ஏறுகிறது. பெட்ரோலுக்கு ஊருக்கெல்லாம் ஒரே விலை, பங்க் வாசலில் பெரிய எழுத்தில் தெரியும். அதனால் ஊரே சேர்ந்து திட்டலாம். என் அப்பாவின் கொழுப்பு மாத்திரை மூன்று ரூபாய் ஏறியதை யாரோடு சேர்ந்து திட்டுவது? மொத்த விலைக் குறியீட்டைப் பின்பற்றி 2022 ஏப்ரலில் 10.77 சதவீதம், 2023 ஏப்ரலில் 12.12 சதவீதம் என்று பட்டியல் மருந்துகளின் விலையையே ஏற்றிக்கொள்ள அனுமதி வந்தது. ஒருநாள் செய்தியாக வந்து போனது.

மருந்து வாங்கும் நேரமும் அப்படி. காய்ச்சலில் அனத்தும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது மூலக்கூறு பேர் கேட்பார்களா? உயிர் விஷயத்தில் காசு பார்க்கிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு. இதைவிட ஆழமாக ஒன்று இருக்கிறது: விலை கூடினால் வீரியம் கூடும் என்ற நம்பிக்கை. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை மஞ்சள் பையோடு ஆணியில் மாட்டிவிட்டு, அதே மருந்தைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. "கவர்ன்மென்ட் மாத்திரை கேக்காதுப்பா" என்பார் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை.

தரம் பற்றிய பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. அந்தப் பயம் நியாயமானது, ஆனால் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டை எத்திலின் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்த அதற்கு ஒரு பிராண்ட் பெயர் இருந்தது. சீட்டில் எழுதித்தான் கொடுத்தார்கள். தரத்தைக் காப்பது பெயரோ விலையோ அல்ல, சோதனை. மருத்துவர்கள் ஜெனரிக் பெயரிலேயே எழுதவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதி, தரத்துக்கு யார் பொறுப்பு என்று மருத்துவர்கள் எதிர்த்ததும் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. கேள்வி சரியான கேள்விதான். பதில் வரும்வரை பழைய விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பது என்னவோ நாம்.

சில வருடங்களுக்கு முன் அதே முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய் வந்த குழந்தைகளுக்காக 16 கோடி ரூபாய் ஊசி வாங்கப் பணம் திரட்டியது நினைவிருக்கும். முகம் தெரியாதவர்கள் நூறும் ஆயிரமுமாகக் கொடுத்தார்கள், நானும் ஏதோ கொடுத்தேன். மத்திய அரசு இறக்குமதி வரியையே விட்டுக்கொடுத்தது. இவ்வளவு ஈரமுள்ள ஊரை அக்கறையில்லாத ஊர் என்று எப்படிச் சொல்வது? ஆனால் பணம் அனுப்பிய அத்தனை பேரில் நான் உட்பட யாரும், ஏன் 16 கோடி என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. குழந்தைக்கு முகம் இருந்தது. விலையை யாரோ வைத்தார்கள் என்பதே தோன்றவில்லை, மழை வெயில்போல அதுவும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

கேட்டவர்களும் இருக்கிறார்கள், அதிகம் பேர் இல்லை. கிளிவெக் வழக்கில் நிறுவனத்தை எதிர்த்து நின்றவர்களில் புற்றுநோயாளிகள் நலச் சங்கம் ஒன்று. அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவரம்பு வந்ததற்குப் பின்னால், அகில இந்திய மருந்து நடவடிக்கை அமைப்பும் கூட்டாளிகளும் 2003-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் மாத்திரைக்குக் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்டபோது எதிர்த்தவர்கள் இரண்டு இளம்பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா திசிலேவும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், அந்தச் சிகிச்சையின் பழைய மருந்துகளால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. காப்புரிமை கொடுக்கும் முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று நம் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஜெயித்தார்கள்.

விலை தெரிந்தவர் வாங்கினால்

வாங்குகிறவருக்கு விவரம் தெரிந்திருந்து, கையில் பணமும் இருந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்பதைப் பார்க்க வெளியூர் போகவேண்டாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு வாடிக்கை. கழகம் வந்தபின் மாநிலத்துக்கே ஒரே கொள்முதல். தேவையான மருந்துகளை ஜெனரிக் பெயரில் பட்டியலிட்டு, டெண்டர் விட்டு, மொத்தமாக வாங்குகிறார்கள். வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விடுவார்கள். மருந்து மாவட்டக் கிடங்குகளுக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம்போல ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தங்களுக்கு வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன.

பக்கத்து வீட்டு அத்தை ஆணியில் மாட்டிவைத்தது இந்த மாத்திரையைத்தான். அதன் கொள்முதல் விலையையும் அதே மூலக்கூறின் கடை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல மருந்துகளில் வித்தியாசம் மடங்குக் கணக்கில் இருக்கும். மருந்து ஒன்றுதான், விலை கேட்கத் தெரிந்த ஆள் வாங்கினார் என்பது மட்டும்தான் வேறு.

காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் இருக்கின்றன, நாடு முழுக்கப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். பிராண்டைவிட 50 முதல் 80 சதவீதம்வரை குறைவு என்பது மக்கள் மருந்தகங்களைப் பற்றி அரசு சொல்லும் கணக்கு.

நடைமுறையில் நான் செய்வதைச் சொல்கிறேன். மருத்துவரிடம், மருந்தின் ஜெனரிக் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். உச்சவரம்பு என்னவென்று பார்க்க விலை நிர்ணய ஆணையத்தின் 'ஃபார்மா சஹி தாம்' என்ற செயலி இருக்கிறது. வரம்புக்கு மேல் வாங்கினால் ஆணையத்திடம் புகார் செய்யலாம், அதற்கு ரசீது வேண்டும், அதனால் ரசீது கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் சிறு வேறுபாடும் உடம்பில் தெரியும். அவற்றை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது.

அப்பாவின் மருத்துவரிடம் கேட்டோம். தைராய்டு மாத்திரை அப்படியே இருக்கட்டும், மற்ற மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். போன மாதம் அப்பா இரண்டு தெரு தள்ளி இருக்கும் மக்கள் மருந்தகத்துக்குப் போனார். சர்க்கரையும் கொழுப்பும் கிடைத்தன. அழுத்த மாத்திரை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். கையில் இருந்தது அன்றைக்கு ஒன்றுதான். அதனால் மிச்ச இரண்டு அட்டைகளுக்கும் பழைய கடைக்கே போனார். கடைக்காரர் வழக்கம்போல நாலு அட்டையை எடுத்துப் போட, இரண்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "ஏன் சார், சுகர் சரியாயிடுச்சா?" என்று கேட்டாராம் அவர். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.